கார்ல பாட்டு போட்டு பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குது, கெப்பாசிட்டர் போட்டா சரியாகுமா?

கெப்பாசிட்டருக்கு இப்பவே காச போடாதீங்க, அது கரண்ட்ட உண்டாக்காது, கொஞ்சம் சேத்து வச்சு குடுக்கும் அவ்ளோதான். முதல்ல இன்ஜின ஓட விட்டு மல்டிமீட்டர்ல பேட்டரிய பாருங்க, 13.8லருந்து 14.4 வோல்ட் கிட்ட வரணும், அப்புறம் பாட்ட சத்தமா வச்சு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) டெர்மினல்லயும் பாருங்க. பேட்டரில 14 இருந்து ஆம்ப்ல 12தான்னா வயர்லயோ எர்த்லயோதான் (ஆம்ப்ப வண்டி பாடியோட சேக்கற இடம்) கோளாறு. என் வண்டில எர்த் போல்ட்ட கழட்டினா அடில பெயின்ட் அப்படியே பளபளன்னு இருக்கு, மாட்டினவர் சுரண்டவே இல்ல! உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்கினதும் பாதிக்கு மேல சரியாயிடுச்சு. பேட்டரி, ஆம்ப் ரெண்டு இடத்துலயும் வோல்ட் சேந்து விழுந்தா ஆல்டர்னேட்டருக்கு (இன்ஜின் ஓடும்போது கரண்ட்ட உண்டாக்கறது) தாங்கலன்னு அர்த்தம், 500 வாட் கிளாஸ் ஏபி வகை ஆம்ப் முழுசா அடிச்சா 50 ஆம்பியருக்கு மேல இழுக்கும்ல. வயர் மாத்தினா சுத்த செம்பா வாங்குங்க, செம்பு பூசின அலுமினியம் வேணாம், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் கண்டிப்பா போடணும்.