பழைய காரை விற்கலாமா? புகைக் கணக்குக் கேள்வி பதில்

(ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் ஆலையில், பெயிண்ட் ஷாப்பில் 11 வருடம் இருந்தவன் நான். எண்கள் எல்லாம் தோராயம்தான். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.)

கே: அண்ணா, என் பெட்ரோல் கார் 2012 மாடல். லிட்டருக்கு 15 தருகிறது. வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். புகையைக் குறைக்கப் புதுசு வாங்கட்டுமா? (திண்டுக்கல்)

ப: வேண்டாம் தம்பி. 4,000 கிலோமீட்டருக்கு 267 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்றால் வருடத்துக்கு 610 கிலோ சொச்சம். லிட்டருக்கு 20 தரும் புது வண்டியில் அது 460 ஆகும். மிச்சம் 150 கிலோ. ஆனால் ஒரு சின்ன கார் செய்து முடிப்பதற்குள்ளேயே 5, 6 டன் வெளியேறிவிடுகிறது. 6,000ஐ 150ஆல் வகுத்துப் பார், 40 வருடம்! அதற்குள் அந்தப் புது காரே காயலான் கடைக்குப் போயிருக்கும். புகைச் சோதனையை மட்டும் தவறவிடாதே. தெருவில் மூச்சை அடைக்கும் நச்சுப் புகை வேறு கணக்கு.

கே: ஐயா, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும்? (வேலூர்)

ப: நல்லா மடக்கினீர்கள்! பெட்ரோலில் பெரும்பகுதி கரி (கார்பன்). எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அதுதான்.

கே: கார் செய்யவே 6 டன்னா? நம்ப முடியவில்லை. (ஓசூர்)

ப: பெரும்பகுதி ஆலைக்குள் வருவதற்கு முன்பே ஆகிவிடுகிறது. ஒரு டன் எஃகு தயாரித்தால் சுமார் 2 டன் வாயு. அலுமினியம் இன்னும் மோசம், கிலோவுக்கு 14 யூனிட் மின்சாரம் குடிக்கும். ஆலைக்குள் மின்சாரத்தையும் எரிவாயுவையும் அதிகம் விழுங்குவது எங்கள் பெயிண்ட் ஷாப்தான். வெறும் பாடியை ஈ.டி. தொட்டியில் (மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சைப் படிய வைக்கும் தொட்டி) முழுசாக முக்கி எடுத்து, 170 டிகிரி வாக்கில் அடுப்பில் சுடுவோம். பிறகு பிரைமர், நிறம், கிளியர் கோட். மறுபடி அடுப்பு. ஒரு தூசி ஒட்டினாலும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்! வெள்ளை காரில்கூடத் தெரியாத தூசிக்கு எத்தனை பாடி திரும்பி வந்திருக்கிறது தெரியுமா?

கே: நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன், வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர். டீசலை விட்டு எலக்ட்ரிக் எடுக்கலாமா? கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது? (சென்னை)

ப: உங்களுக்குத்தான் அது செய்த வண்டி. லிட்டருக்கு 18 வைத்தாலும் 3,333 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ, மொத்தம் 9 டன். எலக்ட்ரிக்கில் 9,000 யூனிட் ஆகும். நம் நாட்டு மின்சாரத்துக்கு நிலக்கரியையும் சேர்த்தே யூனிட்டுக்கு 0.7 கிலோ. மொத்தம் 6.3 டன். வருடத்துக்கு 2.7 டன் மிச்சம். 30 யூனிட் பேட்டரி செய்ய 2, 2.5 டன் வாயு கூடுதல். பேட்டரிக்கான அந்தக் கூடுதல் ஒரே வருடத்தில் கழிந்துவிடும்.

கே: பேட்டரிக்குக் காங்கோவில் சிறுவர்கள் கோபால்ட் தோண்டுகிறார்களாமே? (கோவை)

ப: உண்மைதான். ஆனால் இங்கே ஓடும் பல கார்களில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. அதில் கோபால்ட் கிடையாது. வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள்.

கே: எலக்ட்ரிக் என்றால் புகையே இல்லைதானே சார்? (திருச்சி)

ப: பைப்பில் இல்லை. டயர் தேய்கிறதே! ஒரு டயர் வழுக்கையாவதற்குள் 1 கிலோவுக்கு மேல் ரப்பர் தூளாகிறது. டயரில் சேர்க்கும் ஒரு ரசாயனத்திலிருந்து உருவாகும் நச்சு மழைநீரோடு ஓடைக்குப் போய் சால்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020இல் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரிக் வண்டி எடை கூடியது, டயரும் சீக்கிரம் தேயும். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிப் பாயாமல் இருந்தால் டயர் காசும் மிச்சம்.