‘அடுத்தது’ பட்டன் எங்கே போக வேண்டும்?

ஓவியங்களைக் காட்டும் என் இணையதளத்தில், ‘ஓவியம்’ கிளாஸுக்குள் (ஓவியத்தின் விவரங்களை வைக்கும் நிரல் பகுதி) ‘அடுத்தது’ பட்டனை வைத்தேன்; அதை அழுத்தினால் ஓவியர் பட்டியல் வழியாக வந்தவரும் காலகட்டப் பட்டியல் வழியாக வந்தவரும் ஒரே படத்தில் போய் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நான்கு ‘இஃப்’ நிபந்தனைகள் சேர்த்தாலும் இது சரியாகாது. அடுத்த ஓவியம் எது என்பதை ஓவியம் எப்படி அறியும்? பயனர் வந்த வழிதான் அதை முடிவு செய்கிறது.

1990களில் டேனியல் ஷ்வாபேயும் குஸ்தாவோ ரோஸியும் உருவாக்கிய, இணைப்புகள் வழியே நகரும் இணையதளம் போன்றவற்றை வடிவமைப்பதற்கான ஓஓஹெச்டிஎம் (OOHDM) முறை இந்தச் சிக்கலைத்தான் பிரித்துப் போடுகிறது: முதலில் கருத்து மாதிரி (என்னென்ன பொருள்கள் உள்ளன), பிறகு வழிசெலுத்தல் (பயனர் எந்த வழியில் நகர்வார்), அதன்பின் அருவ இடைமுகம் (திரையில் என்ன தெரியும்), கடைசியில் நிரலாக்கம். நீங்கள் தாண்டிப் போய்விட்டது இரண்டாவது படி. ‘ஓவியர்வழி’, ‘காலவழி’ எனத் தனித்தனிச் சூழல் ஆப்ஜெக்டுகள் (பயனர் வந்த வழியைக் குறிக்கும் நிரல் பொருள்கள்) எழுதுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலும் அடுத்தது(), முந்தையது() என்ற இரு செயல்களும் அவற்றில் இருந்தால் போதும். ஓவியம் கிளாஸில் தலைப்பு, ஆண்டு, ஓவியர் மட்டும் இருக்கட்டும். பட்டன் தன் கேள்வியைச் சூழலிடமே கேட்கும்.

சூழலின் பெயரை யூஆர்எல்லிலேயே வையுங்கள். செஷனில் (பயனருக்கென சர்வர் தற்காலிகமாக வைக்கும் நினைவில்) ஒளித்து வைத்தால், ஒருவர் இரண்டு டேப்களைத் திறந்த கணமே எல்லாம் குழம்பிவிடும். இடைமுகத்துக்கும் தனியாக முழு வரைபடம் போடச் சொல்கிறது அந்த முறை. இரண்டே திரைகளுக்கு அது வீண் வேலை என்பது என் எண்ணம்.