டாக்கும் ஃபெஸ்டஸும்: பீருக்கு யார் காசு கொடுப்பது?

கேள்வி: பழைய அமெரிக்க கௌபாய் தொலைக்காட்சித் தொடர்களில், எப்போது பார்த்தாலும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் துணைப் பாத்திரங்களில் உங்கள் மனதில் நிற்பவர்கள் யார்?

யோசிக்கவே வேண்டாம். 'கன்ஸ்மோக்' தொடரின் ஊர் மருத்துவர் டாக் ஆடம்ஸும் ஃபெஸ்டஸ் ஹேகனும்தான்.

மேல்படிப்புக்காகக் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவுக்குப் போன புதிதில், ஒரு பெரியவர் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை மதியம் அவருடைய தம்பி வருவார். முதல் சனிக்கிழமை மேலே கேட்ட கூச்சலில் ஏதோ அடிதடி என்று நினைத்து ஓடினேன். போய்ப் பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து கன்ஸ்மோக் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் செஸ்டர் கட்சி, தம்பி ஃபெஸ்டஸ் கட்சி. அவ்வளவுதான் தகராறு. என்னையும் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வருடம் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக: கன்ஸ்மோக் 1955 முதல் 1975 வரை சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். மொத்தம் 635 எபிசோடுகள். கதை நடக்கும் இடம் கன்சாஸின் டாட்ஜ் சிட்டி. நாயகன், ஊரின் சட்டம் ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் மாட் டில்லனாக வந்த ஜேம்ஸ் ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குலம். பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். நாயகன் வாயைத் திறக்காவிட்டால் வேறு யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? அந்த வேலையைத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் செய்தார்கள்.

முதல் ஒன்பது ஆண்டுகள் அது மார்ஷலின் உதவியாள் செஸ்டர். விறைத்த ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார், "மிஸ்டர் டில்லன்!" என்று இழுத்துக் கூப்பிடுவார், காபி போடுவார். அந்தக் காபியைக் குறை சொல்வது டாக்கின் அன்றாடக் கடமை. செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் கல்லூரி நாட்களில் நல்ல தடகள வீரர். 1948 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டெகாத்லான் என்ற பத்து விளையாட்டுப் பந்தயத்தில் கலந்துகொண்டவர். உதவியாள் நாயகனுக்குப் போட்டியாகத் தெரியக் கூடாது என்று யோசித்துத்தான் அந்தக் கால் ஊனத்தைச் சேர்த்தார்களாம். அப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் காலை மடக்காமல் குதிரை ஏறி இறங்குவது, குனிந்து தீ மூட்டுவது என்று வீவர் பட்ட பாடு தனிக் கதை.

1964இல் வீவர் விலகினார். அதே ஆண்டு ஃபெஸ்டஸ் நிரந்தரமாக டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தார். மலைக்காட்டு ஆள், எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு கண்ணைச் சுருக்கியபடிதான் பேசுவார். அவருடைய கோவேறு கழுதையின் பெயர் ரூத். அது ஆண் கழுதை என்பது வேறு விஷயம். அந்தக் கரகர குரலுக்குச் சொந்தக்காரரான கென் கர்ட்டிஸ், டாமி டார்ஸியின் இசைக்குழுவில் பாடியவர் என்று தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு எபிசோடில் அவர் பாடக் கேட்ட பிறகுதான் நம்பினேன். கர்ட்டிஸின் அப்பா கொலராடோவில் ஷெரிஃபாக, அதாவது காவல் அதிகாரியாக இருந்தவர். குடும்பம் சிறைக் கட்டடத்திலேயே குடியிருந்தது, கைதிகளுக்கு அம்மா சமைத்துப் போட்டார். ஃபெஸ்டஸின் பேச்சும் நடையும் அந்த ஊரில் அவர் பார்த்த ஆட்களிடமிருந்து வந்தவை.

சரி, சண்டைக்கு வருவோம். டாக் படித்தவர், சிடுமூஞ்சி, மீசையை ஒரு தடவு தடவிக் காதை ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் அடுத்தவரை மட்டம் தட்ட ஆரம்பிப்பார். ஃபெஸ்டஸுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் எந்த விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு. டாக் வைத்தியம் பார்க்கும்போதே வைத்தியம் சொல்லிக் கொடுப்பார். லாங் பிராஞ்ச் சலூனில் (முடிவெட்டும் கடை இல்லை, மதுக்கடை) பீருக்கு யார் காசு கொடுப்பது என்பது இருவருக்கும் முடியாத வழக்கு. துப்பாக்கிச் சண்டைகள் எல்லாம் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. அந்த மேசைச் சண்டைகள் மட்டும் குழம்பவில்லை.

இதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. 1961 வரை எபிசோடு அரை மணி நேரம்தான். அதற்குள் ஒரு கொலை, ஒரு துரத்தல், ஒரு தீர்ப்பு என்று முடித்தாக வேண்டும். பிறகு ஒரு மணி நேரமானது. ஃபெஸ்டஸ் வந்தபோது வெட்டிப் பேச்சுக்கு நிறைய இடம் இருந்தது. இந்த வாதத்தை நான் எடுத்து வைத்தபோது அண்ணன், "பார், அரை மணி நேரத்திலேயே செஸ்டர் சாதித்தான்" என்றார்.

1959இல் செஸ்டருக்காக வீவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார், கர்ட்டிஸுக்குக் கிடைக்கவே இல்லை என்பது அண்ணனின் பிரம்மாஸ்திரம். தம்பி விடுவாரா? டாக்காக நடித்த மில்பர்ன் ஸ்டோனுக்கு 1968இல் எம்மி கிடைத்தது, அப்போது எதிரே உட்கார்ந்து அவரைக் கடுப்பேற்றிக்கொண்டிருந்தது யார் என்பார். அண்ணன் உடனே, ஸ்டோன் பிறந்தது நம் பக்கத்து பர்ட்டன் ஊரில், அவருக்கு யார் துணையும் தேவையில்லை என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்குக் கேட்டால், தம்பி சொன்னதில்தான் நியாயம். 1971இல் ஸ்டோனுக்கு இதயக் கோளாறு வந்து, சில எபிசோடுகளுக்கு வேறொரு மருத்துவரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மருத்துவராக வந்த பாட் ஹிங்கிள் நல்ல நடிகர்தான். ஆனால் அவரிடம் ஃபெஸ்டஸ் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்வது போல எனக்குப் பட்டது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

'ராஹைட்' என்ற இன்னொரு கௌபாய் தொடரில் சமையல்காரர் விஷ்போனும் அவருடைய எடுபிடி முஷியும் உண்டு. கிளின்ட் ஈஸ்ட்வுட் அதில்தான் பிரபலமானார். விஷ்போன் திட்டுவது சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் முஷி திருப்பிக் கொடுக்க மாட்டான். ஒருவர் மட்டும் திட்டினால் அதைச் சண்டை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் மூவரும் டாட்ஜ் சிட்டிக்குப் போனோம். பூட் ஹில் அருங்காட்சியகத்தில் பழைய கடைத்தெருவைத் திரும்பக் கட்டி, லாங் பிராஞ்ச் சலூனையும் வைத்திருக்கிறார்கள். மூன்று சார்சபரில்லா பானம் வாங்கினோம். நம் நன்னாரி சர்பத்துக்கு ஏதோ தூரத்து உறவு போல ஒரு வாசனை. போகும் வழியெல்லாம் செஸ்டரா ஃபெஸ்டஸா என்று மல்லுக்கட்டி வந்த இருவரும், பணம் கேட்டதும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த படங்களைப் பார்க்க எழுந்து போய்விட்டார்கள். நான்தான் கொடுத்தேன்.