அந்தக் கிழவி ஏன் படகு ஏறவில்லை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்க்காரி. கல்லூரி முடித்த வருஷம், நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டுத்தான் உர்சுலா லெ குவினின் ‘அ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலை வாங்கினேன். அப்புறம் ஐந்தாறு பேருக்காவது அதை வாங்கிக் கொடுத்திருப்பேன். போன மாதம் மகளுக்கு வாசித்துக் காட்டலாமென்று திரும்ப எடுத்தேன். மணல்திட்டில் தன்னந்தனியாகக் கிடக்கும் கிழவனும் கிழவியும் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். கரை ஒதுங்கிய கதாநாயகன் கெட்டுக்கு அவர்கள் நெருப்பும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். கிழவி தன்னிடமிருந்த உடைந்த வளையத்தையும் கொடுக்கிறாள். இவனோ அவர்களுடைய ஊற்றுக்கு ஒரு மந்திரம் போட்டு நல்ல தண்ணீராக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். காற்றையே கூப்பிடத் தெரிந்தவனுக்கு இரண்டு வயசாளிகளைக் கூட்டிப்போக முடியாதா? கடனை அடைத்துவிட்டுப் போனது போலத்தான் எனக்குப் படுகிறது. இத்தனை வருஷம் நான் கொண்டாடியவன் இவ்வளவுதானா?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புத் தங்கைக்கு,

புத்தகம் படிக்காதவர்களுக்காக முதலில் சில வரிகள். 1968இல் வந்த நாவல். அந்த உலகம் முழுக்கத் தீவுகள். கெட் (தமிழில் எழுதினால் பெயரே அவனைக் கெட்டவனாக்கிவிடுகிறது, என்ன செய்ய) மந்திரம் படிக்கிற பையன். கூடப் படிக்கிறவனிடம் வீம்புக்குச் செத்தவளின் ஆவியை அழைக்கப்போய், ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். முதலில் அது இவனைத் துரத்துகிறது, பிறகு இவன் அதைத் துரத்துகிறான். அந்தத் துரத்தலில் படகு உடைந்து ஒதுங்கும் இடம்தான் மணல்திட்டு. அங்கே இருக்கும் இருவரும் சின்னக் குழந்தைகளாக இருந்தபோது கொண்டுவந்து விடப்பட்ட அரச வம்சத்து உடன்பிறப்புகள். வேற்று மனுஷ முகத்தையே மறந்துபோனவர்கள். அவர்கள் பேசுவது வேறு பாஷை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். மண்டபத்தில் இருந்துகொண்டு நீங்கள் தண்ணீரை இப்படிச் சுலபமாக ஒதுக்கிவிட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று சொன்னால் ஊரே நம் ராமநாதபுரத்தைத்தான் நினைத்துக்கொள்ளும்.

சின்ன வயதில் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் அத்தையோடு ஊற்றுக்குப் போயிருக்கிறேன். மணலில் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் சுரக்கும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதந்து நிற்கிறது. அவ்வளவுதான் இருப்பு. அத்தை சிரட்டையால் ஏழெட்டுத் தடவை மொண்டு குடத்தில் ஊற்றுவார், பிறகு கையை எடுத்துவிடுவார். சுற்றிலுமிருந்து தண்ணீர் கசிந்து, கலங்கல் அடங்கி, அடிமணல் தெரியும்வரை காத்திருப்பார். ஒரு குடத்துக்கு அரை மணி நேரம். ஒரு நாள் அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது நான் அவசரமாக அள்ளோ அள்ளென்று அள்ளினேன். அடியிலிருந்து உப்பு ஏறிவிட்டது. பின்னால் நாலு குடங்கள் வரிசையில் இருந்தன. தலையில் விழுந்த கொட்டு இன்னும் வலிக்கிறது.

நாவலில் அந்தத் திட்டின் ஊற்றும் உப்புக் கரிப்பது, நம்பி இருக்க முடியாதது. மலை ஊற்று போல அதைத் தெளிந்து சுரக்க வைத்துவிட்டுப் போகிறான் கெட். பிற்பாடு கப்பல்காரர்கள் அந்தத் திட்டுக்குப் பெயர் வைத்ததே அந்தத் தண்ணீரை வைத்துத்தான். கடனை அடைப்பதென்றால் எப்படி என்பதையும் லெ குவின் அம்மா சில பக்கங்கள் தள்ளிக் காட்டுகிறார். வேறொரு தீவில், கண்ணில் புரை விழுந்த ஒரு மீனவர் தன் படகைக் கொடுக்கிறார், கெட் அவர் பார்வையைச் சரிசெய்கிறான். அது பேரம். பேசி முடித்துக் கொண்டது. (அந்தக் கிழவர், படகின் முகப்பில் கண் வரைந்துகொள், என் நன்றி அதன் வழியே உனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்வார். பேரத்துக்கு மேலே அவர் போடும் கொசுறு அது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.) மணல்திட்டில் பேரம் பேசப் பாஷையே கிடையாது.

இனி உங்கள் கடிதத்திலுள்ள ஒரு தவறு. கெட் அவர்களைக் கூப்பிடுகிறான். உங்கள் கடிதம் வந்த பிறகு நானும் அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். சைகையாலும் மெதுவான பேச்சாலும் கேட்கிறான். கிழவனுக்கு அது முழுசாகப் புரிந்த மாதிரி இல்லை. கிழவிக்குப் புரிகிறது. புரிந்தும் மறுத்துவிடுகிறாள். கிழவனின் காரணத்தை ஆசிரியர் சொல்லிவிடுகிறார்: வெளிமனிதர்கள் என்றால் அவனுக்குச் சின்ன வயதில் கண்ட ரத்தமும் அலறலும்தான் ஞாபகம், அதனால் தலையை ஆட்டி ஆட்டி மறுக்கிறான். கிழவியின் காரணத்தைச் சொல்வதில்லை. இருபது வயதில் நான் கிழவனின் பயத்தையே அவளுக்கும் சேர்த்துப் பங்கு வைத்துவிட்டேன். நீங்களோ அவள் மறுத்ததையே மறந்துவிட்டீர்கள்.

கிழவியை என்னை வேறு மாதிரிப் படிக்க வைத்தது மறுபடியும் அத்தைதான். பெரியப்பா 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்தவர். பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன அந்த ராத்திரி. அவர் பிழைத்து வந்தார். என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு அவர் தீவை விட்டு வெளியே போகும் பாம்பன் பாலத்தைத் தாண்டவே இல்லை. முதலில் ரயில் மட்டும்தான் இருந்தது, மாட்டேன் என்றார். 1988இல் சாலைப் பாலம் திறந்து பஸ் வந்தது, அதற்கும் மாட்டேன் என்றார். கல்யாணம் செய்துகொள்ளாத அத்தை அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு தங்கச்சிமடத்திலேயே இருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா போய், ‘ராமநாதபுரத்துக்கு வந்துடு’ என்று அத்தையைக் கூப்பிடுவார். அத்தை சிரித்துக்கொண்டே மறுப்பார். ‘அவளுக்கு வெளியுலகம் தெரியாது, பயம்’ என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை மணிக்குத் தங்கச்சிமடத்தைத் தாண்டும், எது பாம்பனில் நிற்காது, எதில் கூட்டமிருக்காது என்று அத்தைக்கு மனப்பாடம். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். பயந்தவள் எதற்குப் பஸ் நேரத்தைக் கணக்கு வைத்திருக்க வேண்டும்?

அந்தக் கிழவியையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அவளுக்குப் போகத் தெரியும். அவனை விட்டுவிட்டுப் போக முடியாது.

வளையத்தைப் பற்றியும் என் எண்ணம் மாறியிருக்கிறது. அது ஒரு பெரிய வளையத்தின் பாதி, மந்திரவாதிகளே தேடிக்கொண்டிருந்த பொருள் என்று இதே வரிசையின் இரண்டாவது நாவலில் தெரியவரும். அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்த நான், கிழவியை எல்லாம் அறிந்த ஞானியாக்கி, தக்க ஆளிடம் சேர்ப்பித்தாள் என்று ஒரு கட்டுரையே எழுதினேன். அபத்தம். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. குழந்தையாக இருந்தபோது போட்டிருந்த, முத்துக் கோத்த பட்டுச் சட்டையையும் இந்த உடைந்த உலோகத்தையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். சட்டையைக் காட்டினாள், உலோகத்தைக் கொடுத்தாள். வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறான். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. நம் ஊரில் ஒரு பொட்டலம் கருவாடாவது கையில் திணிக்காமல் யாரை விட்டிருக்கிறோம்?

கெட்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அவன் நிழலைத் துரத்தும் அவசரத்தில் இருந்தான். அவள் மறுத்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருப்பான் என்பது என் சந்தேகம். புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. பொங்கலன்று அத்தை மறுத்தவுடன் அப்பா முகத்தில் அதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அழைக்கவும் வேண்டும், வராமலும் இருக்க வேண்டும்.

நான்காவது நாவல் ‘தெஹானு’ உங்களிடம் இருக்கிறதா? 1990இல் வந்தது. மந்திரமெல்லாம் போய், ஆடு மேய்க்கிற கெட் அதில் வருகிறான். முதல் நாவலில் ‘பெண்கள் மந்திரம் பலவீனம்’ என்று பழமொழி போலச் சொல்லிக் கடந்த ஆசிரியரே 22 வருஷம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பி வந்து, இந்த முறை அடுப்படியில் உட்கார்ந்து கதை சொல்கிறார். உங்கள் கோபத்துக்கு அது தோதாக இருக்கும். மகளுக்கு இப்போது வேண்டாம், கொஞ்சம் வளரட்டும்.

பெரியப்பா காரியம் முடிந்த மறுவாரம் அத்தை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார். போகும்போது வண்டி ஏழு நிமிஷம் தாமதம் என்று கண்டக்டரோடு பாலம் முடியும்வரை சண்டை போட்டாராம்.