பேன் திரும்பத் திரும்ப வருகிறதே?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள், இடுப்பு வரை முடி. கடையில் வாங்கிய பேன் மருந்தை மூன்று தடவை போட்டாகிவிட்டது. இரண்டு வாரம் நன்றாக இருக்கிறாள், அப்புறம் மறுபடியும் சொறிகிறாள். மாமியார் மொட்டை போடச் சொல்கிறார். வகுப்பில் தனியாக உட்கார வைக்கிறார்களாம், தினமும் அழுதுகொண்டு வருகிறாள். – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மொட்டை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அழுகிற பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை. பேன் வருவதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். பேன் தாவாது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வாரம் நன்றாக இருக்கிறாள் என்று. விஷயம் அதில்தான் இருக்கிறது. மருந்து பேனைக் கொல்லும், ஆனால் பெரும்பாலான மருந்துகள் ஈரை முழுதாகக் கொல்வதில்லை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள். நடுவில் இரண்டாவது தடவை மருந்து போட்டால்தான் சங்கிலி அறும். அரிப்பு வந்த பிறகு போட்டால் அது தாமதம்.

மருந்துக் கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேளுங்கள் (5 சதவீத க்ரீம் சொறி சிரங்குக்கு, அதை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்). கண்டிஷனர் போடாமல் தலையை அலசி, துண்டால் துவட்டி, வேர்க்கால் வரை தடவி, பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். காலண்டரில் குறித்து வைத்து ஒன்பதாம் நாள் மறுபடியும் போடுங்கள். இரண்டு தடவைக்குப் பிறகும் உயிருள்ள பேன் ஓடினால், மூன்றாவது பாட்டில் வாங்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதைவிட முக்கியம் சீப்பு. ஈரத் தலையில் கண்டிஷனரையோ தேங்காய் எண்ணெயையோ தாராளமாகத் தடவினால் பேன் வேகமாக ஓட முடியாது. முடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் பதித்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நீள முடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்று வாரம், விடாமல்.

இன்னொன்று, உங்கள் தலையையும் மாமியார் தலையையும் யார் பார்த்தார்கள்? பிள்ளை பாட்டியோடுதானே படுக்கிறாள் பெரும்பாலான வீடுகளில். ஒரே நாளில் எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், பேன் இருப்பவர்களுக்கும் அவர்களோடு ஒரே படுக்கையில் படுப்பவர்களுக்கும் அன்றே மருந்து. தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, வீடு முழுக்க மருந்து அடிக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு நேரில் போய் ஆசிரியையிடம் பேசுங்கள். மருந்து போட்டிருக்கிறோம், தனியாக உட்கார வைக்க வேண்டாம், வகுப்பில் எல்லாப் பெற்றோரிடமும் தலை பார்க்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பக்கத்துப் பிள்ளைக்குப் பேன் இருந்தால் நீங்கள் எத்தனை தடவை சீவியும் பலன் நிற்காது.

கேள்வி: சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவலாமா? – ஒரு வாசகி, தேனி

பதில்: தடவாதீர்கள். பேன் சாகும் என்று காலங்காலமாகச் செய்கிறார்கள், ஆனால் அந்தப் பொடி துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகி, தாங்க முடியாத வலி வரும், பார்வை மங்கும். மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் கூடவே கூடாது. விதைப் பொடி கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.