அப்பாவோட பழைய கச்சேரி நோட்டீஸ்: லேமினேட் பண்ணலாமா, வருஷம் எப்படி கண்டுபிடிக்கிறது?

மலேசியாவுல இருக்கற சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அப்பா ஒரு காலத்துல ஆர்கெஸ்ட்ராவுல பாங்கோஸ் வாசிச்சவரு. அவரு தவறினதுக்கு அப்புறம் பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு கட்டு கச்சேரி நோட்டீஸும் மடிச்சு வச்ச போஸ்டர் சிலதும் கிடைச்சுது. முக்காவாசியில வருஷமே இல்ல. கோயில் மண்டபத்துல நம்ம ஊரு பாட்டுக் கச்சேரி வரலாறுன்னு வச்சு காட்டணும்னு ஆசை. எல்லாத்தையும் லேமினேட் பண்ணிட்டு போர்டுல ஒட்டிடலாமா? வருஷத்த எப்படி கண்டுபிடிக்கிறது? ரோஸ் கலர் நோட்டீஸ் ஒண்ணு, இன்னும் சிலதுன்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். ஒரு போஸ்டர்ல வாசுதேவன்னு இருக்கே, அது மலேசியா வாசுதேவனா?"

முதல்ல அந்த லேமினேட் வேலைய நிறுத்துங்கம்மா. சூட்டுல பசை உருகி காகிதத்துக்குள்ள இறங்கிடும், அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது, உள்ள இருக்கற காகிதமோ மலிவு காகிதம், அதுல இருக்கற அமிலம் அதையே தின்னுக்கிட்டு இருக்கும், நீங்க மேல பிளாஸ்டிக் போட்டு மூடினதால அது நிக்கப் போறதில்ல. செலோடேப்பும் வேணாம், அஞ்சாறு வருஷத்துல டேப் கழண்டு விழுந்துடும், பழுப்புக் கறை மட்டும் நிக்கும். மண்டபத்துல வைக்கறதுக்கு ஸ்கேன் பண்ணி கலர் பிரிண்ட் எடுத்துக்குங்க, வேணும்னா ரெண்டு மடங்கு பெருசாக்கியே எடுக்கலாம், ஒரிஜினல் வீட்டுலயே இருக்கட்டும். ரோஸ் கலர் நோட்டீஸ்னு எழுதியிருக்கீங்க, அந்தச் சாயம் வெளிச்சம் தாங்காது, டியூப்லைட்டுக்குக் கீழ சில மாசம் தொங்கினாலே வெளுக்க ஆரம்பிச்சிடும்.

இப்ப வருஷத்துக்கு வருவோம். நோட்டீஸ எடுத்ததும் எல்லாரும் பெரிய எழுத்துல இருக்கற பாடகர் பேரத்தான் பார்ப்பாங்க. "மலேசியாவின் டி.எம்.எஸ்."னு ஊருக்கு ஒருத்தர் இருந்தாரு, அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. கீழ பொடி எழுத்துல இருக்கே, டிக்கெட் எங்க கிடைக்கும், எவ்வளவு, யார் அச்சடிச்சது, லோரி உண்டா இல்லையா, அத படிங்க. உங்க ஊரோட வரலாறே அங்கதான் இருக்கு, வருஷமும் பாதிக்குப் பாதி அங்கயே மாட்டும்.

நீங்க போட்டோ எடுத்து அனுப்புனதுல ஒண்ண எடுத்துப்போம். ரோஸ் காகிதம், கறுப்பு மை, "14-8 சனிக்கிழமை இரவு 7.30", வருஷம் இல்ல. தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தா கவலையே இல்ல, காலண்டர புரட்டினா போதும். ஆகஸ்ட் 14 சனிக்கிழமையில வந்தது 1965, 1971, 1976, 1982, அந்தக் காலகட்டத்துல இவ்வளவுதான். இனி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். கீழ மலாய்ல அச்சகத்துப் பேரு இருக்குல்ல, அதுல 'சேத்தாக்'குங்கற (அச்சுன்னு அர்த்தம்) சொல்லு சி, எச்னு ரெண்டு எழுத்துல ஆரம்பிக்குது பாருங்க. அது பழைய மலாய் எழுத்துமுறை. 1972 ஆகஸ்ட் 16-ல புது எழுத்துமுறை வந்ததுக்கு அப்புறம் எச் போயிடுச்சு. சின்ன அச்சகம்னா பழைய பழக்கத்துல கொஞ்ச நாள் அப்படியே போட்டிருப்பான், அதனால 1976-அ சுத்தமா தள்ளிட முடியாது, ஆனா 1982 அடிபட்டுப் போச்சு. அடுத்து, "புத்தம்புதிய படப் பாடல்கள்"னு போட்டு அதுக்குக் கீழ ரிக்‌ஷாக்காரன் பேரு இருக்கு. அந்தப் படம் வந்ததே 1971 மே கடைசியில, அப்போ 1965-ம் போச்சு. அஞ்சு வருஷம் பழசான படத்த 1976-ல எவனும் புத்தம்புதுசுன்னு விளம்பரம் பண்ணமாட்டான். 1971 தான், தைரியமா எழுதிக்குங்க.

இந்தக் கணக்குல ஒரு விதி இருக்கு. நோட்டீஸ்ல இருக்கறதுலயே எது கடைசியா பொறந்ததோ அதுக்கு முன்னாடி அது அச்சாகியிருக்க முடியாது, ஆனா பழைய விஷயம் எத்தன வருஷம் கழிச்சும் வரலாம். தமிழ் எழுத்தையே பாருங்க, துதிக்கை வச்ச லை, னை இருந்தா பழசுன்னு நம்ம ஆளுங்க உடனே முடிவு பண்ணிடுவாங்க. தமிழ்நாட்டுல சீர்திருத்த எழுத்துக்கு ஆணை போட்டது 1978-ல, இங்க அதுக்கும் அப்புறம்தான் வந்துச்சு, அதுலயும் அச்சகத்துல இருக்கற ஈய எழுத்த தூக்கிப் போட யாருக்கு மனசு வரும், தேயற வரைக்கும் அதையே தான் ஓட்டுவாங்க. ஆனா புது எழுத்து முழுசா இருந்தா அது பெரும்பாலும் அறுபதுகள்ல வந்த நோட்டீஸா இருக்காது.

இன்னும் சில தடயம் சொல்றேன். மலாயான்னு இருந்தா பெரும்பாலும் 1963 செப்டம்பருக்கு முன்னாடி. டிக்கெட் விலையில டாலர் குறி போய் ஆர்.எம். வந்தது 1993-ல. தமிழ்ல வெள்ளின்னு போட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, ரிங்கிட்ட நாம இன்னைக்கும் வெள்ளின்னு தான் சொல்றோம். எம்.ஜி.ஆர். வேஷம் போடறவர் ஆட்டம் இருந்தா பட்டத்த பாருங்க, புரட்சி நடிகர்னா பெரும்பாலும் 1972-க்கு முன்னாடி, புரட்சித் தலைவர்னா அவரு கட்சி ஆரம்பிச்சதுக்கு அப்புறம். தெலோக் ஆன்சன்ல இருந்து வந்த குழுன்னு போட்டிருந்தா அந்த ஊரு 1982-ல தெலுக் இந்தான் ஆயிடுச்சு, ஆனா பழைய ஆளுங்க வாயில பழைய பேரு போகல, நோட்டீஸ்லயும் போயிருக்காது. ஈப்போ அச்சகத்து முகவரியில ஹியூ லோ ஸ்திரீட்னு இருந்தா அது இப்ப ஜாலான் சுல்தான் இஸ்கந்தர், அங்கயும் இதே கதை தான். வாத்தியத்த மறக்காதீங்க. அக்கார்டியன், மேண்டலின், பாங்கோஸ் ஒரு காலம், எலெக்ட்ரிக் கிட்டாரும் எக்கோவும் அடுத்த காலம், கீபோர்டு வந்த உடனே நோட்டீஸ்ல ஆளுங்க எண்ணிக்கை குறைஞ்சிடும், ஒருத்தனே நாலு பேரு வேலைய பார்த்துடுவான்ல.

பெரிய போஸ்டர் ஒண்ணுல மூலையில சின்னதா வாசுதேவன்னு இருக்கு, அது மலேசியா வாசுதேவனான்னு கேட்டிருக்கீங்க. அவரு மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி இங்க மேடையில பாடினவரு தான். ஆனா அந்தப் பேரு அப்போ தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த பேரும்மா. குழுவோட பேரு, கூட பாடினவங்க பேரு, அப்போ வந்த தமிழ் நேசன் பத்திரிகை விளம்பரம், இதுல ஏதாவது ரெண்டு ஒத்துப்போகாம போர்டுல எழுதிடாதீங்க, ஊரு பூரா பரவிடும், அப்புறம் திருத்த முடியாது.

மண்டபத்துல எப்படி அடுக்கறதுங்கறது பத்தி என் அபிப்பிராயம் வேற. வருஷ வரிசையில வச்சா பழைய காகிதக் கண்காட்சி மாதிரி ஆயிடும். யார் நடத்தினது, எங்க நடந்தது, காசு எதுக்குப் போச்சு, இத வச்சு பிரிங்க. எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங்னு உங்க டவுன சுத்தி இருக்கற தோட்டங்க பேர ஒரு மேப்புல குறிச்சுட்டு, எந்தத் தோட்டத்துத் திடல்ல எந்தக் கச்சேரின்னு நூல் கட்டி காட்டினாலே ஜனங்க வந்து நின்னுடுவாங்க. "தோட்டத்து ஆளுங்களுக்கு லோரி வசதி உண்டு"ங்கற ஒரு வரி போதும், கச்சேரி டவுன்ல நடந்திருக்கு, கேக்க வந்தவங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து வந்திருக்காங்க, ராத்திரி திரும்பிப் போக வேற வழி இல்ல. டிக்கெட் கிடைக்கும் இடம்னு முடிவெட்டற கடை, மளிகைக் கடை, நகைக் கடை பேரு இருக்கும், அப்போ டவுன்ல நம்ம ஆளுங்க எந்தெந்தக் கடை வச்சிருந்தாங்கங்கற கணக்கும் சேர்த்துக் கிடைக்குது. நன்கொடைன்னு போட்டு தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி, கோயில் திருப்பணின்னு எழுதியிருந்தா அத தனிச் சுவரா வைங்க, ரொம்பத் தோட்டத்துல பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு நாற்காலி வந்ததே அந்த மாதிரி கச்சேரி காசுல தான்.

1948-ல இருந்து 1960 வரைக்கும் உள்ள நோட்டீஸ் உங்க கட்டுல இல்லன்னா ஆச்சரியப்படாதீங்க. பிரிட்டிஷ்காரங்க மலாயாவுல அவசரகாலம் அறிவிக்கறதுக்குக் காரணமான சம்பவமே 1948 ஜூன் 16-ல உங்க ஊருப் பக்கம் எல்பில்லயும் பக்கத்துத் தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டது தான். ஊரடங்கு, முள்வேலி, செக்கிங்னு இருந்த நேரத்துல ராத்திரி கச்சேரிய எப்படி நடத்தறது? அந்த இடத்துல வெறும் போர்டு வச்சு இந்த விஷயத்த ரெண்டு வரியில எழுதிடுங்க.

எண்பதுக்கு அப்புறம் கட்டு மெலிஞ்சிருக்கும். வீடியோ வந்துச்சு, ரப்பர வெட்டிட்டு செம்பனை போட்டாங்க, பிள்ளைங்க டவுனுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போயிட்டாங்க, தோட்டத்துத் திடல்ல கூட்டம் சேர்க்க ஆளு இல்ல. அதோட முடிச்சிடாதீங்க, உறுமி மேளக் குழு பேனரும் சேருங்க, ராப்பும் சேருங்க. ராப் பாடகர் யோகி பி கூட சேர்ந்து 2006-ல வல்லவன் ஆல்பம் போட்ட நட்சத்ரா பசங்க பக்கத்து ஈப்போக்காரங்க தான். அப்பா ஆர்கெஸ்ட்ரா பக்கத்துல ராப் நோட்டீஸ் வச்சா பெரியவங்க கொஞ்சம் முணுமுணுப்பாங்க, வைங்க பரவால்ல. ஒண்ணு கவனம், இந்த ராப் காலத்துல இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்த நோட்டீஸ் ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் கலைஞ்சிடும், ஐம்பது வருஷத்துப் பழைய அச்சு மை அப்படி இல்ல.

ஒரிஜினல வைக்கறதுக்கு டின்னு வேணாம், துருப்பிடிக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி இருந்தா பின்பக்கமா மெதுவா கழட்டிடுங்க. மடிப்ப விரிச்சு, அமிலம் இல்லாத காகிதத்துக்கு நடுவுல படுக்க வச்சு, நல்ல அட்டைப்பெட்டியில போடுங்க. உறையில போடணும்னா பாலியஸ்டர் உறை மட்டும், ஸ்டேஷனரி கடையில விக்கிற மலிவு பிளாஸ்டிக் கவர் ஒரு வாடை அடிக்கும் பாருங்க, அது நாளானா எழுத்த தன் மேல ஒட்டி எடுத்துக்கும். இஸ்திரி போட்டு நேராக்கக் கூடாது. நம்ம ஊரு ஈரத்துக்கு அலமாரிய வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க, காத்துல ஈரம் 65 சதவீதத்த தாண்டினா பூஞ்சை பிடிக்கும். பூச்சி இருந்தா பாச்சை உருண்டை போடாம, ஜிப் பையில காத்து இல்லாம மூடி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, வெளிய எடுத்ததும் பைய உடனே திறக்காதீங்க, ஒரு நாள் ஆகட்டும், இல்லன்னா வேர்த்து காகிதம் நனைஞ்சிடும். ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் ஃபைலா, ரெண்டு பக்கமும், ஓரம் வெட்டாம. பின்பக்கம் காலியா இருந்தாலும் எடுங்க, அப்பா மாதிரி வாசிக்கறவங்க அங்கதான் பாட்டு வரிசையும் சுருதியும் பென்சில்ல குறிச்சு வச்சிருப்பாங்க.

பின்னாடி யாருக்காவது கொடுக்கணும்னு தோணினா தேசிய ஆவணக் காப்பகம் இருக்கு, மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துலயும் தமிழ்ப் பிரிவு இருக்கு. கொடுக்கறதுக்கு முன்னாடி அப்பா கூட வாசிச்சவங்க யாராவது உயிரோட இருந்தா அவங்க வீட்டுக்குப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் ஒவ்வொண்ணா காட்டுங்க, அவங்க சொல்றத போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, எந்த நோட்டீஸுக்கு எந்த ரெக்கார்டிங்னு நம்பர் போட்டு ரெண்டையும் சேர்த்தே ஒப்படைங்க.