நட்சத்திரத்தை எண்ணாதேங்கோ: கமரா வாங்கிறவைக்குக் கொஞ்சம் கேள்வி பதில்

மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் எங்கடை ஊர் சனசமூக நிலையத்தில், படம் பிடிக்கிற ஆசை உள்ள பத்துப் பதினைஞ்சு பேர் கூடுறது வழக்கம். இந்த முறை மேசையில் ஒரு சஞ்சிகைக் கட்டு கிடந்தது. லண்டனில் இருந்து லீவுக்கு வந்த ஒருவர் கொண்டுவந்த ‘விச்?’ இதழ்கள், ஜெர்மனியில் இருந்து வந்த ‘ரெஸ்ற்’ ஒன்று, அமெரிக்காவின் ‘கொன்சியூமர் ரிப்போர்ட்ஸ்’ ஒன்று. மூன்றும் வாஷிங் மெஷினில் இருந்து கமரா வரைக்கும் பரிசோதித்துப் புள்ளி போடுகிற நுகர்வோர் சஞ்சிகைகள். அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று எல்லாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் முப்பது வருசம் ஸ்ரூடியோ நடத்தினவன் என்றபடியால் பதில் சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது. கதைத்ததைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதியிருக்கிறேன்.

கோண்டாவில் தம்பி ஒருவர்: அண்ணை, இவையள் கொம்பனியளிட்டைக் காசு வாங்கிக்கொண்டுதானே புள்ளி போடுகினம்?

இந்த மூண்டிலயும் அந்தக் கதை இல்லைத் தம்பி. கொன்சியூமர் ரிப்போர்ட்ஸை நடத்துற அமைப்பு 1936இல தொடங்கினது. விச்? 1957. ஜெர்மனியில அரசாங்கமே 1964இல ஒரு நிறுவனத்தை உண்டாக்கி விட்டது, அதின்ர சஞ்சிகைதான் உந்த ரெஸ்ற். மூண்டிலயும் விளம்பரம் இல்லை. கமராவையும் கொம்பனியிட்டை இரவல் வாங்கிறேல்லை, கடையில காசு குடுத்து வாங்கித்தான் பரிசோதிக்கினம்.

இது பெரிய விசயம். படக்கலைக்கெண்டே வாற சஞ்சிகையளுக்குக் கொம்பனி தானே கமராவை அனுப்பும். பெண் பாக்க வாற அண்டைக்கு வீடு கூட்டி மெழுகி வைக்கிற மாதிரி, நல்லாய்ப் பாத்துத் துடைச்சுத்தான் அனுப்பும். அடுத்த பக்கத்தில அதே கொம்பனியின்ர முழுப்பக்க விளம்பரமும் இருக்கும். அதுக்காக அவை பொய் எழுதுகினம் எண்டு நான் சொல்ல வரேல்லை. கனக்கப் பேர் நேர்மையான ஆக்கள். ஆனால் குறையைச் சொல்லேக்கை சொல்லு கொஞ்சம் மெத்தெண்டு வரும், அவ்வளவுதான்.

ஒண்டு கவனி. விச்?உம் ரெஸ்ற்உம் தங்கடை முத்திரையைப் பெட்டியில ஒட்ட விரும்புற கொம்பனியிட்டைக் கட்டணம் வாங்கும். அது புள்ளி போட்டு முடிஞ்ச பிறகு நடக்கிற அலுவல். முத்திரை இல்லாத பெட்டி எண்டால் கமரா கூடாது எண்டு இல்லை. காசு கட்டாமல் விட்டிருக்கலாம்.

சுன்னாகத்தில் படிப்பிக்கிற ரீச்சர்: நேர்மையான ஆக்கள் எண்டால் பேந்தென்ன, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்தானே?

நேர்மை வேற, பிழை வேற, பொருத்தம் வேற ரீச்சர்.

பிழை எல்லாருக்கும் வரும். 2007இல கொன்சியூமர் ரிப்போர்ட்ஸ் பிள்ளையளின்ர கார் ஆசனங்களைப் பரிசோதிச்சு, கனக்க ஆசனம் கூடாது எண்டு எழுதிப்போட்டு, கொஞ்ச நாளிலயே கட்டுரையைத் திருப்பி எடுத்தது. பக்கவாட்டு மோதலை மணிக்கு 38 மைலில செய்ய நினைச்சது, உண்மையில 70 மைலுக்கு மேல நடந்திருக்கு. பிழையை ஒளிக்காமல் சொன்னதுக்காக எனக்கு அவையில மரியாதை கூடினது.

பொருத்தம்தான் எங்கடை பிரச்சினை. கீழ ஒரு கூட்டுப்புள்ளி போட்டிருக்கினமே, அது எப்பிடி வருது? கரும்பலகையில போட்டுக் காட்டுறன். இலக்கமெல்லாம் என்ர கற்பனை, கணக்குத்தான் முக்கியம்.

‘அ’ கமரா: படத்தரம் 70, இருட்டில படம் 60, கையாள இலகு 90, பற்றரி 90. ‘ஆ’ கமரா: அதே வரிசையில 80, 85, 60, 60. சஞ்சிகை யோசிக்கிறது பிள்ளையின்ர பிறந்தநாளைப் படம் எடுக்கிற தகப்பனை. அந்த மனிசனுக்கு இலகு முக்கியம். அதால படத்தரத்துக்கு நூற்றுக்கு 30, இருட்டுக்கு 10, இலகுவுக்கு 40, பற்றரிக்கு 20 எண்டு பங்கு வைக்கினம் எண்டு வையுங்கோ. ‘அ’வுக்கு 81 வரும், ‘ஆ’வுக்கு 68.5. ‘அ’ முதல் பரிசு.

இப்ப நீங்கள் நல்லூர்ச் சப்பறத்தண்டு இரவு தெருவீதியில நிக்கிற ஆள். உங்களுக்கு இருட்டுத்தான் உயிர். படத்தரம் 30, இருட்டு 50, மற்ற ரெண்டுக்கும் பத்துப் பத்து. ‘அ’ 69, ‘ஆ’ 78.5. கமரா மாறேல்லை, அளந்த இலக்கம் ஒண்டும் மாறேல்லை, பரிசு மட்டும் கை மாறிப் போச்சு.

அதால கூட்டுத்தொகையை விரலால மறைச்சுப்போட்டு, மேல இருக்கிற ஒவ்வொரு வரியையும் வாசியுங்கோ. உங்களுக்கு வேண்டிய ரெண்டு வரியில எது முன்னுக்கு நிக்குதெண்டு பாருங்கோ. இன்னொண்டு: ‘இதை வாங்கு’ எண்டு சொல்லுறதைவிட ‘இதை வாங்காதை’ எண்டு சொல்லுறதை நான் கூட நம்புவன். குப்பை ஆருக்கும் குப்பைதான்.

அச்சுவேலி ஐயா ஒருவர்: மருமகள் ஜெர்மனியில இருந்து வாங்கி அனுப்பப் போற கமராவுக்கு உந்த ரெஸ்ற்றில 2.1 எண்டு கிடக்கு. அஞ்சுக்கு ரெண்டு எண்டால் பெயில்தானே? வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.

ஐயோ ஐயா, கெதியாப் போன் எடுங்கோ! ஜெர்மனியில பள்ளிக்கூடத்துப் புள்ளியே தலைகீழ். 0.5இல இருந்து 1.5 வரைக்கும் மிகத் திறம், 1.6இல இருந்து 2.5 வரைக்கும் நல்லது. நாலரைக்கு மேல போனால்தான் குப்பை. உங்கடை மருமகள் நல்ல கமராவைத்தான் பாத்திருக்கிறா.

கொக்குவில் தம்பி, கம்பஸ் மாணவன்: கமராவைக் கருவியால அளந்து இணையத்தில போடுற டிஎக்ஸ்ஓ மார்க் புள்ளி இதுகளைவிடத் திறம்தானே? அது முழுக்க விஞ்ஞானம். நிக்கோன் டி850 நூற்றுக்கு நூறு எடுத்ததாம்.

நூறு எடுத்தது உண்மை, 2017இல. ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. அந்த அளவுகோலுக்கு மேல் எல்லையே கிடையாது. கொஞ்ச நாளில ஒரு ஹசல்பிளாட் கமரா 102 எடுத்தது.

விஞ்ஞானம் எண்டதும் சரிதான். ஆனால் எதை அளக்கினம்? சென்சரை மட்டும், அதாவது கமராவுக்குள்ள வெளிச்சத்தைப் படமாப் பிடிக்கிற தகட்டை. நிறம், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில பிடிக்கிற வீச்சு, இருட்டு, இந்த மூண்டும்தான். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலுக்கு ஏறுற பட்டத்துக்குப் பின்னால போகஸ் ஓடுமோ, பொத்தான் கைக்கு எட்டுமோ, நாலு மணித்தியாலம் கழுத்தில தொங்கினால் பிடரி நோகுமோ, ஒண்டும் அந்த இலக்கத்தில இல்லை. அஞ்சு புள்ளி வித்தியாசம் எண்டால் ஏறக்குறைய ஒரு ஸ்டொப்பில மூண்டில ஒரு பங்கு எண்டு அவையே சொல்லுகினம்; வெளிச்சம் இரட்டிக்கிற ஒரு படிக்குத்தான் ஸ்டொப் எண்டு பேர். அதை நீ திரையில பெருப்பிச்சுத் தேடினால்தான் காணுவாய். ரெண்டு புள்ளிக்காகச் சண்டை பிடிக்கிறது விசர் வேலை.

மானிப்பாய் அண்ணர்: ரெண்டாம் கைக் கமரா ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். நிக்கோன் டி600. பழைய சஞ்சிகையள் எல்லாம் தலையில தூக்கி வைச்சு எழுதியிருக்கு. விலையும் வாய்க்குது.

விலை வாய்க்கிறதுக்குக் காரணம் இருக்கு. 2012இல வந்த கமரா அது. வந்த உடனை எழுதினவை அதின்ர படத்தரத்தைப் புகழ்ந்தது நியாயம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில படம் எடுக்க எடுக்க, சென்சரில எண்ணெய்த் துளியும் தூசும் தெறிச்சுப் படத்தில புள்ளி புள்ளியா விழத் தொடங்கினது. 2013 கடைசியில டி610 எண்டு புதுசை விட்டினம். 2014இல டி600க்கு இலவசமாச் சட்டரை, அதாவது சென்சருக்கு முன்னால திறந்து மூடுற கதவை, மாத்தித் தாறம் எண்டு கொம்பனியே அறிவிச்சது. புதுக் கமராவோட ரெண்டு கிழமை இருக்கிற ஆளுக்கு இது எப்பிடித் தெரியும்?

விக்கிற ஆளிட்டை சட்டர் மாத்தின பத்திரம் இருக்கோ எண்டு கேளுங்கோ. லென்ஸின்ர துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 16இல வைச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, பெருப்பிச்சுப் பாருங்கோ. கறுப்புப் புள்ளி கனக்க எண்டால் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பி வாங்கோ.

நெல்லியடியில் கலியாண வீடியோ எடுக்கிற தம்பி: 300 படம் எடுக்கலாம் எண்டு போட்ட பற்றரியில நான் ஆயிரம் எடுக்கிறன். வீடியோவுக்கு நல்லது எண்டு போட்ட கமரா மத்தியானம் சூடேறி நிண்டிட்டுது. ஆர் பொய்?

ஒருத்தரும் பொய்யில்லை. படக்கணக்கு ஜப்பான் கொம்பனியள் சேந்து வைச்ச ஒரு விதி. அரை நிமிசத்துக்கு ஒரு படம், பிளாஷ் உள்ள கமரா எண்டால் ஒண்டு விட்டொரு படத்துக்குப் பிளாஷ், பத்துப் படத்துக்கொருக்கால் நிப்பாட்டிப் போடவேணும். நீ தாலி கட்டேக்கை பத்து விநாடியில இருபது படம் அடிக்கிறாய். கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? ஆனால் ஒரே விதியில எல்லாக் கமராவையும் அளக்கிறபடியால், ஒண்டோடை ஒண்டை ஒப்பிட அந்த இலக்கம் நல்லது.

சூட்டுக் கதை வேற. உந்தப் பரிசோதனை பெரும்பாலும் 23 பாகை அளவான அறையில. கனன் ஆர்5 2020இல வரேக்கை 8கே எண்ட மிகக் கூர்மையான வீடியோ 20 நிமிசம் ஓடும் எண்டு கொம்பனியே சொன்னது, அதுவும் 23 பாகையிலதான். எங்கடை வைகாசி மாத மணவறையில, நாலு பக்கமும் போக்கஸ் லைற்றும் ஓமப் புகையும் இருக்கேக்கை 23 பாகைக்கு எங்க போறது? வீடியோ நேரம் எண்டு போட்டிருந்தால் அரைவாசியை மனசில கழிச்சுப் போட்டு வாசி.

காரைநகர்ப் பிள்ளை ஒருத்தி: சஞ்சிகையில ஐந்து நட்சத்திரம் எடுத்த லென்ஸ் மாமா. ரெண்டு மழைக்காலத்துக்குள்ள உள்ளுக்குப் பூஞ்சணம். நான் என்ன பிழை விட்டனான்?

(லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். பின் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஒரு கிளை, ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது.)

நீ பிழை விடேல்லைப் பிள்ளை, தோல் பைக்குள்ள வைச்சு அலுமாரியைப் பூட்டினதைத் தவிர. இதுக்கு எந்தச் சஞ்சிகையிலும் வரி இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில கடற்கரை வீட்டில ரெண்டு வருசம் லென்ஸை வைச்சுப் பாக்கிற பரிசோதனைக்கூடம் லண்டனில எங்க இருக்கு? உறுப்பினரிட்டைக் கேட்டு எது கெதியாப் பழுதாகுது எண்டு அவை கணக்கெடுக்கினம்தான், அது பிரயோசனமும்தான். ஆனால் பதில் சொல்லுறவை குளிர்நாட்டு ஆக்கள்.

காத்துப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு. முள்ளு 40க்கும் 50க்கும் இடையில நிண்டால் போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் தாச்சியில மெல்லிய சூட்டில காயவைச்சுத் திரும்பப் போடு. அரிசிப் பானைக்குள்ள மட்டும் வைக்காதை, தவிட்டுத்தூள் போய் அடையும். கசூரினாக் கடற்கரையில படம் எடுத்து வந்த அண்டே, கொஞ்சம் ஈரமான துணியால வெளி உடம்பில இருக்கிற உப்பைத் துடை.

இதைச் சொல்லேக்கை எனக்கு ஒண்டு ஞாபகம் வருது. எண்பதுகளில வந்த சஞ்சிகையளில பென்ராக்ஸ் கே1000 எண்டால் ஒரு இளக்காரம். ஓட்டோ இல்லை, அது இல்லை, இது இல்லை எண்டு அட்டவணை முழுக்கக் கோடு. என்னட்டை இருந்தது அதுதான். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை வந்து, ஊருக்குள்ள பற்றரியே வராமல் போச்சு. சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட காலம். ஐந்து நட்சத்திரக் கமராவெல்லாம் பற்றரி இல்லாமல் கட்டையா அலுமாரியில கிடந்தது. கே1000இன்ர சட்டருக்குப் பற்றரி தேவையில்லை, வெளிச்சம் காட்டுற முள்ளுக்கு மட்டும்தான். முள்ளு செத்தாலும் கண்மதிப்பில எடுக்கலாம். பிலிம் ரோல் ஒண்டு கிடைச்சால் அதிஷ்டம். கிடைச்ச ரோலிலெல்லாம் அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன். ‘பற்றரி இல்லாமல் ஓடுமோ’ எண்டு ஒரு வரி எந்த அட்டவணையிலும் நான் காணேல்லை.

உரும்பிராய் அண்ணை: போன் கமரா போதாதோ?

வீட்டுப் படத்துக்குப் போதும். சுண்டிக்குளத்தில பூநாரை எடுக்கப் போறீங்கள் எண்டால் போதாது.

கோண்டாவில் தம்பி, திரும்பவும்: அண்ணை, மச்சான் லண்டனில இருந்து வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுறார். விச்?இல முதலாவதா நிக்கிறதை வாங்கட்டாம் எண்டு சொல்லட்டோ?

முதல் அஞ்சையும் எடு. இருட்டு, போகஸ் எண்ட ரெண்டு வரியை மட்டும் பாத்து ரெண்டாக் குறை. பேந்து ஆஸ்பத்திரி வீதிக் கடை எதிலயாவது போய் அந்த ரெண்டையும் கையில பிடிச்சுப் பார். உன்ர கைக்கு எது அடங்குதோ அதின்ர பேரைச் சொல்லு.

வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டிலதான் செல்லும். அதால மச்சான் ஏற முந்தியே பெட்டியைத் திறந்து பரிசோதிக்கட்டும். லென்ஸுக்கு லென்ஸ் வித்தியாசம் வரும், சஞ்சிகைக்காரன் வாங்கினது ஒரு லென்ஸ், உனக்கு வாறது வேற ஒண்டு. அங்க செங்கல் சுவர் இருக்கும், இஞ்சை எண்டால் கிடுகு வேலி திறம். சுவருக்கு நேரா முக்காலியில நிப்பாட்டி, லென்ஸின்ர துவாரத்தை முழுக்கத் திறந்து ஒரு படம். நாலு மூலையையும் பெருப்பிச்சால் நாலும் ஒரே மாதிரி இருக்கவேணும். ஒரு மூலை மட்டும் பஞ்சுபோல மங்கினால் அண்டைக்கே கடையில மாத்தச் சொல்லு. மிச்சக் காசுக்கு ரெண்டாவது பற்றரி ஒண்டு வாங்கட்டும். அதைக் கைப்பையில கொண்டுவரச் சொல்லு, தனிப் பற்றரியைப் பெரிய பெட்டிக்குள்ள போட விடாங்கள்.